வென்றவர்கள் நிற்கும் மண்டபம்

"எனக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு டீச்சர். முழுசாப் போறதுக்குள்ள உங்ககிட்ட ஏதாவது கத்துக்கணும்" என்றார் நல்லதம்பி.

டீச்சர் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"பேசுதது யாரு?"

"என் பேரு நல்லதம்பி. இந்தத் தோணித்துறையைக் கட்டுனவன்."

"அப்படியா? நல்ல துறை அண்ணாச்சி. அலைச் சத்தம் மட்டும் எண்ணெய் போடாத கதவு மாதிரி இருக்கு."

"டீச்சர், நீங்க சுவரைப் பாத்து நிக்கிறீங்க."

"நிக்கட்டும். சுவருக்கு ஏதும் கஷ்டமா?"

*

இது நடந்த இடம் மறுகரை. பஸ்ஸிலோ ரயிலிலோ அங்கே போக முடியாது. கணினியைத் திறந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் போய்விடலாம்.

அங்கே தீவுகள் உண்டு. சந்தைகள், கோட்டைகள் உண்டு. போகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை உடம்பும் உண்டு. விசையை அழுத்தினால் அது நடக்கும், நாம் பேசினால் அதுவும் பேசும்.

அங்கே போகிறவர்களில் பாதிப்பேர் தேடலுக்காகப் போகிறவர்கள். தேடல் என்றால் உள்ளே போய் நடந்து பார்க்கிற கதை. ஒருவர் கட்டிவைப்பார். மற்றவர்கள் அதற்குள் புகுந்து, புதிரை அவிழ்த்து, குழியில் விழுந்து எழுந்து, கடைசியில் ஒரு பரிசோடு வெளியே வருவார்கள்.

நல்லதம்பி அப்படித் தேடல் கட்டுகிறவர். பிறந்தது கோவில்பட்டி, பிழைப்பது சென்னையில், வயது நாற்பத்தாறு. வெயில் விழுவதை அவரைப்போலக் கட்ட மறுகரையில் ஆள் கிடையாது. அவருடைய சாயங்கால வெயிலைப் பார்த்துவிட்டு, வந்த காரியத்தை மறந்து நின்றவர்கள் உண்டு.

அந்த மனிதருக்குத்தான் கண் போய்க்கொண்டிருந்தது. விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வருகிறது என்றார் டாக்டர். மருந்து கிடையாது. ஒரு வருஷம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம்.

இருட்டை நினைத்து அவர் அவ்வளவு பயப்படவில்லை. இனிமேல் கதை கட்ட முடியாதே என்றுதான் பயந்தார். அதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பெயர் ஜெபராணி, ஊர் பாளையங்கோட்டை, வயது முப்பத்திரண்டு. கரண்ட் போனால் ஜனங்கள் போன் போட்டுக் கத்துவார்களே, அந்தக் கத்தலை வாங்கிக்கொள்வது அவருடைய பகல்நேர வேலை. "இருட்டுல ஒண்ணுமே தெரியல, நீங்க என்னதான் செய்றீங்க?" என்று ஊரே அவரிடம் கேட்கும். சாயங்காலமானால் மறுகரை. அங்கே அவர் போகாத கோட்டை இல்லை, முடிக்காத தேடல் இல்லை, எல்லாம் காதை வைத்துத்தான். அவர் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனாலும் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

தன் பொம்மை உடம்பு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைப் பற்றி டீச்சர் கவலைப்பட்டதில்லை. பெரும்பாலும் அது துறையோரத்து உப்புக் கிடங்கின் சுவரைப் பார்த்து நின்றது. புதிதாக வருகிறவர்களுக்கு இதில் பெரிய அர்த்தம் இருப்பதாகப் பட்டது. உலகத்துக்கே முதுகு காட்டியவர் என்று நாலு பேர் சொன்னார்கள். உடனே நாற்பது பேர் வந்து அந்த முதுகைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சிலர் தாங்களும் சுவரைப் பார்த்து நிற்கத் தொடங்கினார்கள்.

சுவரைப் பார்த்து நிற்கிறார் என்பதை டீச்சரிடம் முதன்முதலில் சொன்னது நல்லதம்பிதான்.

*

"சரி, என்ன கத்துக்கணும்?"

"கண்ணு இல்லாம எப்படிக் கதை கட்டுறதுன்னு."

"எனக்குக் கட்டத் தெரியாதே அண்ணாச்சி. விளையாடத்தான் தெரியும்."

"அப்ப நான் யார்கிட்டப் போறது?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார்.

"கண்ணு தெரியாத ஒருத்தரோட கதையைக் கட்டிக் கொண்டாங்க. நான் விளையாடிப் பாக்குதேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன, தட்சிணை வைக்கப் போறீங்களா?"

*

நல்லதம்பி கட்டினார்.

ஓர் ஓவியன். அவன் வரைந்த படம் பிடிக்காமல் ராஜா அவன் கண்களைப் பறித்துக்கொண்டு, ஒரு கோட்டைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறான். கோட்டையின் நடுவில் ஒரு விளக்கு இருக்கிறது. அதைக் கையில் எடுத்தால் கண் திரும்ப வந்துவிடும். விளையாடுகிறவர்தான் அந்த ஓவியன். அவ்வளவுதான் கதை.

கோட்டை முழுக்க இருட்டு. விளையாடுகிறவரின் திரையில் ஒன்றும் தெரியாது. தண்ணீர் சொட்டும் சத்தம், சங்கிலி உரசும் சத்தம், குழிக்கு முன்னால் லேசாகக் காற்று வீசும் சத்தம், இவற்றை வைத்துத்தான் போகவேண்டும். சத்தங்களை எல்லாம் அவர் உண்மையாகவே பாடுபட்டுச் சேர்த்தார்.

ஆனால் அவருடைய உயிர் கடைசி மண்டபத்தில்தான் இருந்தது.

விளக்கை எடுத்ததும் இருட்டு விலகி அந்த மண்டபம் தெரியும். அதைக் கட்டும்போது அவர் முகம் திரையில் ஒட்டாத குறை. குழாய்க்குள்ளிருந்து பார்ப்பதுபோல் அவருக்கு மிஞ்சியிருந்த பார்வையை வைத்து, தான் பார்த்த வெளிச்சத்தை எல்லாம் அதற்குள் கொண்டுபோய்க் கொட்டினார். மார்கழிக் காலையின் வெளிச்சம். மழை விட்டதும் கரிசல் காட்டில் அடிக்கும் வெயில். சின்ன வயதில் பார்த்த, தீக்குச்சி பற்றிக்கொள்ளும் அந்த முதல் நொடி. நூறு தூண்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான பொன்.

அவர் மனைவி தங்கபுஷ்பம் பக்கத்தில் வைத்த சாப்பாடு பல நாள் அப்படியே ஆறிக் கிடந்தது. அந்த அம்மாள் அதைச் சூடு பண்ணித் திரும்பக் கொண்டுவந்து வைப்பார். அவருக்கும் விஷயம் தெரியும்.

மண்டபத்துக்குள் சத்தம் எதற்கு? காட்சிக்கு இடைஞ்சல். சொட்டுத் தண்ணீர், காற்று, காலடி எல்லாவற்றையும் அங்கே நிறுத்திவிட்டார்.

நண்பர்களை முதலில் விளையாடச் சொன்னார். எல்லோரும் கண் உள்ளவர்கள். குழியில் விழுந்தார்கள், அலறினார்கள், விளக்கை எடுத்தார்கள். மண்டபத்தைப் பார்த்ததும் வாயடைத்துப்போனார்கள். ஒருவர் அழுதார். இன்னொருவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் வானத்தைப் பார்த்தாராம்.

நல்லதம்பிக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

*

டீச்சர் விளையாடினார். நல்லதம்பி பின்னாலேயே போனார்.

"இந்த ஓவியன் ஏன் அண்ணாச்சி இப்படித் தட்டுத்தடுமாறுதான்?"

"கண்ணு இல்லையே டீச்சர்."

"எப்பப் போச்சு?"

"கதைப்படி, நேத்து."

"அப்ப சரி. எப்பப் பழகுவான்?"

"பழக மாட்டான். அதுக்குள்ள கண்ணு வந்துரும்."

"ஓ" என்றார் டீச்சர்.

மற்றவர்கள் அலறிக்கொண்டு விழுந்த குழிகளை எல்லாம் டீச்சர் சந்தைக்குப் போகிறவர்போலச் சுற்றிக்கொண்டு போனார். சங்கிலிப் புதிரை அவிழ்த்தார். வௌவால்களைக் கேட்டு வளைவைக் கண்டுபிடித்தார். நடுக்கோட்டைக்குப் போய் விளக்கை எடுத்தார்.

நூறு தூண்களிலும் வெளிச்சம் பற்றிக்கொண்டது. நல்லதம்பிக்கே மூச்சு நின்றது. எத்தனையோ தடவை பார்த்த மண்டபம்தான்.

டீச்சர் அசையவில்லை.

அழுகிறாரோ என்று நினைத்தார் நல்லதம்பி.

"ஹலோ" என்றார் டீச்சர். "லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் டீச்சர்."

"நெட் போச்சா?"

"இல்லையே. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"ஜெயிச்சிட்டேனா?"

"ஆமா."

டீச்சர் காத்திருந்தார். ஒரு பக்கம் நடந்து பார்த்தார். தூணில் முட்டியதும் பொம்மை நின்றுவிட்டது. முட்டிய சத்தம்கூட இல்லாததால், முட்டியதே டீச்சருக்குத் தெரியவில்லை. அவர் பாட்டுக்கு விசையை அழுத்திக்கொண்டிருந்தார். பொம்மை தூணைத் தள்ளிக்கொண்டே நின்றது. நல்லதம்பியால் அதைப் பார்க்க முடியவில்லை.

"டீச்சர், தூணு. முன்னால தூணு இருக்கு. கொஞ்சம் இடது பக்கம்..."

"இருங்க அண்ணாச்சி."

விளக்கைக் கீழே வைக்க வழி உண்டா என்று டீச்சர் ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்த்தார். வழி இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நல்லதம்பிதான் வைத்திருந்தார். இதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை.

விளக்கு கீழே இறங்கியது. மண்டபம் மறைந்தது.

'நீங்கள் தோற்றீர்கள்' என்றது ஒரு கரகரத்த குரல்.

சொட்டுத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. தூரத்தில் சங்கிலி உரசியது. காற்று வந்தது.

"அப்பாடா" என்றார் டீச்சர்.

*

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் இருட்டிலேயே நின்றார்கள்.

"இந்தச் சொட்டுச் சத்தம் நல்லா இருக்கு" என்றார் டீச்சர். "அந்த ரெண்டாவது வளைவு தாண்டி யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. குழி."

"மூணாவதுல?"

"அதுலயும் குழிதான்."

"கண்ணு தெரியாதவருக்கு இந்தக் கோட்டையில விழுததைத் தவிர வேற ஜோலியே இல்லையா அண்ணாச்சி?"

நல்லதம்பிக்குச் சுருக்கென்றது.

"அந்த மண்டபத்தை மட்டும் நீங்க பாத்திருந்தீங்கன்னா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க."

"மன்னிச்சிருங்க."

"அதெல்லாம் இருக்கட்டும். ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"அடுத்த வருஷம் அந்த மண்டபத்துக்கு நீங்க வருவீங்களா?"

நல்லதம்பிக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் அவருக்கு வந்து வருஷக்கணக்காகிறது. இருபது வருஷமாக வெளிச்சம் கட்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது?

"அந்த மண்டபத்துல நான் கை வைக்க மாட்டேன்" என்றார். "ஒரு சத்தம்கூடச் சேக்க மாட்டேன். நான் பாத்ததெல்லாம் அங்கதான் இருக்கு."

"வைக்க வேண்டாம்" என்றார் டீச்சர்.

"கத்துக்கொடுங்கன்னு வந்தேன். நீங்க கேலி பண்ணுறீங்க."

"கேலி பண்ணலையே அண்ணாச்சி."

நல்லதம்பி கணினியை அணைத்துவிட்டார்.

*

ஆடி மாதத்தில் நல்லதம்பிக்கு மிச்சப் பார்வையும் போய்விட்டது.

இதற்கிடையில் இருட்டுக் கோட்டை மறுகரை முழுக்கப் பேர்வாங்கிவிட்டது. கண் உள்ளவர்கள் மண்டபத்துக்காகப் போனார்கள். காதை மட்டும் வைத்து விளையாடக்கூடிய தேடல் ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கண் இல்லாதவர்களும் போனார்கள். அவர்களுக்கு அப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம். ஆசையோடு போனார்கள். நன்றாகவே விளையாடினார்கள். வென்றார்கள். வென்றவர்கள், சத்தமே இல்லாத மண்டபத்தில் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் மாட்டிக்கொண்டார்கள்.

நெட் போய்விட்டது என்று நினைத்துக் கணினியை அணைத்துவிட்டு மறுநாள் வந்தால், மறுகரை அவர்களை நின்ற இடத்திலேயே நிறுத்திவைத்திருக்கும். அதே மௌனம். விளக்கைக் கீழே வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? பாடுபட்டு ஜெயித்த பரிசு அது.

அவர்கள் டீச்சருக்குப் போன் போடுவார்கள். டீச்சர் வேலை முடிந்து வந்து, உள்ளே போய், ஒவ்வொருவராக வெளியே கூட்டி வருவார். இது நல்லதம்பிக்குத் தெரியாது.

நல்லதம்பி பல நாள் கட்டிலைவிட்டு எழவில்லை. பிறகு எழுந்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைத் தங்கபுஷ்பம் போட்டுக்கொடுத்தார். அது தமிழை வெளிநாட்டு மாப்பிள்ளைபோல் பேசியது. அதோடு மல்லுக்கட்டி, விசைகளைத் தடவித் தடவி ஒருவழியாகத் தோணித்துறைக்கு வந்து சேர்ந்தார்.

அலைச் சத்தம் உண்மையிலேயே பழைய கதவு மாதிரித்தான் இருந்தது.

"டீச்சர்?"

"வாங்க அண்ணாச்சி."

"போச்சு டீச்சர்."

"முழுசாவா?"

"முழுசா."

"சாப்பிடுதீங்களா? தூங்குதீங்களா?"

"ம்."

டீச்சர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. நல்லதம்பிக்கு அது ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அவரைச் செத்தவர்போல் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், நான் கதை கட்டுறவன். அது ஒண்ணுதான் தெரியும். இனிமே நான் யாரு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லுங்க டீச்சர்."

"உங்க மண்டபத்துல ஒரு பிள்ளை நிக்கு. ஓசூர்க்காரப் பிள்ளை. நேத்துல இருந்து நிக்கு. போய்க் கூட்டிட்டு வாங்க."

"நானா?"

"இதுவரைக்கும் நான் எத்தனை பேரைக் கூட்டியாந்திருக்கேன் தெரியுமா? கட்டுனது நீங்க. நீங்க போங்க."

"எனக்கு வழி தெரியாது."

"உங்க கோட்டை அண்ணாச்சி!"

"அது கண்ணு வச்சுக் கட்டுனது."

"அப்ப காது வச்சுப் போங்க."

*

தான் வெட்டிய முதல் குழியிலேயே நல்லதம்பி விழுந்தார்.

இரண்டாவதிலும் விழுந்தார். எந்த மடையன் இப்படி வெட்டினது என்று வாய்விட்டே திட்டிவிட்டார். காற்றுச் சத்தம் குழிக்கு ஓரடி முன்னால்தான் வருகிறது. வரும்போது ஆள் பாதி உள்ளே. கட்டும்போது இதெல்லாம் சரியாக இருப்பதாகத்தான் அவருக்குத் தோன்றியது.

மூன்றாவது குழியைத் தாண்டினார். அதில் கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. உடனே அதை அமுக்கிக்கொண்டார்.

விளக்கை எடுத்தார்.

எல்லாச் சத்தமும் நின்றது.

இது தெரிந்ததுதானே, கண்ணால் பார்க்காவிட்டாலும் மனசுக்குள் மண்டபம் வந்து நிற்கும் என்று நம்பிக்கொண்டுதான் அவர் எடுத்தார். வரவில்லை. தூண்களை நினைத்துப் பார்த்தார். நூறு என்ற எண்ணிக்கை நினைவிருந்தது. பொன் என்ற சொல் நினைவிருந்தது. அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது. தான் பார்த்ததை எல்லாம் பத்திரமாக வைத்த இடத்தில் நின்றுகொண்டு, அதில் ஒன்றைக்கூட அவரால் எடுக்க முடியவில்லை. அவர் அழுதார். ஹெட்போனில் மைக் இருப்பதை மறந்துவிட்டார்.

"யாருங்க அது?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

நல்லதம்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்கதான் ஓசூரா?"

"ஆமாங்க. கோமளா. உங்க குரலாவது கேக்குதே! நான் நெட்டு கம்பெனிக்காரனோட ஒரு சண்டை போட்டு முடிச்சிட்டேன். நீங்களும் ஜெயிச்சிட்டீங்களாண்ணா?"

"ஆமாம்மா."

"உங்களுக்கும் ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கல."

"பார்வை இருக்குங்களா உங்களுக்கு?"

"இல்ல."

அதை அவர் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. கோமளா அதற்கு ஐயோ பாவம் என்று சொல்லவில்லை.

"எனக்குப் பொறந்ததுல இருந்தே கிடையாது" என்றாள். "சரி, வெளிய போறது எப்படின்னு தெரியுங்களா?"

"விளக்கைக் கீழ வச்சிருங்க. பழையபடி எல்லாம் கேக்கும்."

"வச்சா?"

"தோத்துட்டதாச் சொல்லும். சொன்னாச் சொல்லிட்டுப் போகுது."

"அதெப்படிங்கண்ணா!" கோமளாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எத்தனை குழியில விழுந்து எழுந்து வந்திருக்கேன் தெரியுங்களா? சங்கிலிப் புதிருக்காக ஒருநாள் லீவு போட்டேன். ஜெயிச்ச பரிசைத் திருப்பிக் குடுக்கச் சொல்றீங்க?"

"வேற வழி இல்லம்மா."

"முதல்ல பரிசு என்னன்னு சொல்லுங்க. அப்புறம் குடுக்கறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன்."

நல்லதம்பி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரிய மண்டபம்மா. நூறு தூணு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமான பொன் நிறம். கிழக்குப் பக்கம் இருந்து வெளிச்சம் சாஞ்சு விழுது..."

"ம்."

"தரையில தூணோட நிழல் நீளமா..."

"ம்."

அந்த 'ம்' எப்படிப்பட்டது என்று நல்லதம்பிக்குத் தெரிந்தது. அடுத்தவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது நாம் போடுகிற 'ம்' அது. அவர் நிறுத்திக்கொண்டார்.

"அண்ணா? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அவ்வளவுதாங்களா? வேற ஒண்ணும் இல்லையா இங்க?"

அவள் குரல் இறங்கிவிட்டது. குறை சொல்கிற குரலாக இருந்தால் அவர் தாங்கியிருப்பார். சாமான் வாங்கக் கடைக்குப் போய்விட்டுக் கடை பூட்டிக்கிடப்பதைப் பார்த்துத் திரும்புகிறவளின் குரல் அது. இருபது வருஷமாகத் தேடல் கட்டுகிறார். கடைசி வரைக்கும் வந்த யாரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. இந்தப் பெண்ணையும், இவளுக்கு முன்னால் வந்த அத்தனை பேரையும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறார். வெட்கமாக இருந்தது அவருக்கு.

"இருக்கும்மா" என்றார்.

என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

"எங்கண்ணா?"

"மெதுவா ஒரு அடி முன்னால எடுத்து வைங்க. பாத்து. அங்க ஒரு படி இருக்கு, கீழ இறங்குது."

அந்த மண்டபத்தில் படியே கிடையாது. ஒரே தளம். மூலைக்கு மூலை மெழுகிவிட்டதுபோல் அவரே போட்ட தளம்.

ஓசூரில் ஒரு விசை அழுந்துகிற சத்தம் மட்டும் கேட்டது. கோபித்துக்கொண்டு போய்விட்டாளோ என்று நல்லதம்பிக்குப் பயமாக இருந்தது.

"இறங்கிட்டேன்" என்றாள். "ஐயோ, தண்ணிங்கண்ணா! முட்டி வரைக்கும் இருக்கு. என்னமா சில்லுனு இருக்கு!"

சென்னையில், மேஜைக்கு அடியில், நல்லதம்பி இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார்.

"அப்புறம்?" என்றாள் கோமளா.